வீடு கட்டும் தொழிலில் பட்டதாரியின் முதல் ஆண்டு: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டுவசதித் திட்டங்களைப் பற்றிய விவாதங்களில் எத்தனை வீடுகள், எத்தனை கோடி ரூபாய், எத்தனை மூட்டை சிமெண்ட் என்ற கணக்குகளே முன்னுக்கு வருகின்றன. அஸ்திவாரக் குழியில் கான்கிரீட் கொட்டப்படும்போது அருகில் நின்று கவனிப்பவர் யார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் 2020 டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 340 சதுர அடி. அதற்கென வகுக்கப்பட்ட அலகுத் தொகை 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். இத்தகைய சிறு வீட்டின் அஸ்திவாரம் ஒரே நாளில் மூடப்பட்டுவிடும். மூடிய பின்னர் உள்ளே கம்பி எந்த மட்டத்தில் கிடக்கிறது என்பதை எவரும் காண இயலாது. அந்தக் குடும்பம் வாழ்நாளில் கட்டும் ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும்.

அக்குழியருகில் நிற்கும் பொறுப்பு பல இடங்களில் கல்லூரியை விட்டு வெளிவந்து ஓராண்டுகூட நிறையாத சிவில் பொறியியல் பட்டதாரியிடமோ டிப்ளமோ பெற்றவரிடமோ வந்து சேர்கிறது. அவர் அவ்வேலைக்கு எவ்வழியாக வந்தார், வந்தபின் முதல் ஆண்டில் எதைக் கற்றார், அதைக் கற்பித்தவர் யார் என்பவை அவருடைய எதிர்காலத்தை மட்டுமன்றி அவ்வீட்டின் ஆயுளையும் நிர்ணயிக்கின்றன. சித்தூர், திருப்பதி வட்டாரத்தை எடுத்துக்கொண்டு இப்பொருளை ஆராய்வது பயனுடையதாகும்.

வட்டாரமும் தொழிலும்

வட ஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911 ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. அதுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியதும் சித்தூர் நகரமே. 1953-இல் இம்மாவட்டம் புதிய ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினாலும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் இன்றும் கலந்தே வழங்குகின்றன. கட்டுமான இடத்தில் இது சிறு செய்தியன்று. கரணை பிடிப்பவரைத் தமிழர் கொத்தனார் என்பர். தெலுங்கில் அவர் ‘தாபி மேஸ்திரி’. இரு மொழிகளிலும் பொதுவாக நிற்கும் ‘மேஸ்திரி’ என்ற சொல்லே இத்தொழிலின் அமைப்பைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் எனலாம்.

பொறியியல் கல்விக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை. 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி 1959-இல் தோன்றியது. 1983-இல் மகளிர்க்கெனப் பத்மாவதி பல்கலைக்கழகமும், 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் திருப்பதியில் அமைந்தன. அரசு பாலிடெக்னிக்குகளும் தனியார் கல்லூரிகளும் வேறு உள்ளன. வீடு கட்டும் வேலைக்கும் குறைவில்லை. யாத்திரிகர் திரளும் நகரில் விடுதிகளும் அடுக்ககங்களும் ஓயாது எழுகின்றன. மாநில வீட்டுவசதிக் கழகம் 1979 முதல் இயங்கி வருகிறது. நகர்ப்புற ஏழைகளுக்கென 300, 365, 430 சதுர அடி அளவுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை மற்றோர் அரசுக் கழகம் மேற்கொண்டது. இவ்வளவு இருந்தும் இங்குப் பட்டம் பெறும் இளைஞர் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் செல்வதையே விரும்புகின்றனர். மென்பொருள் நிறுவனங்களில் வேறு வேலைக்குச் சேர்பவரும் உண்டு.

இதற்குக் காரணம் சம்பளம் மட்டுமன்று. தொழிலின் அமைப்பும் ஒரு காரணமாகும். தனி வீடுகளில் பெரும்பாலானவற்றை உரிமையாளரே மேஸ்திரி ஒருவரிடம் சதுர அடிக் கூலிக்கு ஒப்படைத்துக் கட்டிக்கொள்கிறார். அங்கே பட்டதாரிக்கு இடமே இல்லை. அடுத்த நிலையில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு அடுக்ககங்கள் எழுப்பும் சிறு கட்டுநர்கள் உள்ளனர். அவர்களிடம் நிரந்தர ஊழியர் ஐந்தாறு பேர்தான். ஏனையோர் மேஸ்திரி அழைத்துவரும் கொத்தனார்களும் சித்தாள்களும். மூன்றாம் நிலையில்தான் பெரிய ஒப்பந்த நிறுவனங்களும் அரசுத் துறைகளும் வருகின்றன. ‘பட்டதாரிப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் முறையான பதவி பெரும்பாலும் இம்மூன்றாம் நிலையிலேயே கிடைக்கிறது. சிறு கட்டுநரிடம் சேரும் இளைஞர் ‘சைட் என்ஜினீயர்’ என்ற பெயரோடு முதல் நாளிலிருந்தே மேற்பார்வையாளராகிறார். கற்பிக்க ஒருவரும் இல்லாத இடத்தில் பிறரை மேற்பார்க்கும் வேலை அவருக்கு அளிக்கப்படுகிறது.

சட்டம் தரும் வழி

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தொடக்கத்தில் தொழிற்கூடத் தொழில்களை மட்டுமே கருத்திற் கொண்டிருந்தது. 1973-இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ பெற்றவர்களையும் அதன் வரம்புக்குள் கொணர்ந்தது. இவர்களுக்கான பயிற்சியை மும்பை, கான்பூர், கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு இடங்களில் உள்ள மண்டல வாரியங்கள் கவனித்து வருகின்றன. ஆந்திரப் பிரதேசம் தென் மண்டலத்தில் அடங்குவதால் சித்தூர்ப் பட்டதாரிக்கு உரிய வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது.

2014-ஆம் ஆண்டின் திருத்தம் கட்டுமானத் தொழிலைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. எனினும் அது போதிய கவனம் பெறவில்லை. ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்கு அத்திருத்தம் தந்த புதிய விளக்கத்தில், நிறுவனம் நேரடியாக அமர்த்தியவர் மட்டுமன்றி ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்பவரும் அடங்குவர். 2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களையுடைய நிறுவனம், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு அது விருப்பத்தின்பாற்பட்டது.

எடுத்துக்காட்டாக, திருப்பதியில் அடுக்ககம் கட்டும் ஒருவரிடம் 6 நிரந்தர ஊழியர்கள் இருப்பதாகக் கொள்வோம். தம் நிறுவனம் மிகச் சிறியது, சட்டம் தம்மைத் தொடாது என்று அவர் கருதலாம். ஆனால் மேஸ்திரிகள் வழியாக 40 பேர் வேலை செய்வார்களானால் மொத்தம் 46. இதில் 2.5 சதவீதம் 1.15. ஆகவே ஒரு பழகுநரையேனும் சேர்க்கும் கடமை அவருக்கு உண்டு. உயர்ந்த அளவான 15 சதவீதப்படி 6 பேர் வரை சேர்க்கவும் இடமுண்டு. இக்கணக்கைக் கட்டுநர்களும் அறிவதில்லை, வேலை தேடும் மாணவரும் அறிவதில்லை. மாவட்டத் தொழில் அலுவலகங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளில் இந்த ஒரு கணக்கை விளக்கினாலே பெரும்பயன் விளையும்.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டு விதித் திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயும் டிப்ளமோ பெற்றவருக்கு 8,000 ரூபாயும் குறைந்த அளவாக நிர்ணயித்தது. குறைந்த அளவுத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடும் உண்டு. இத்தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என மத்திய தொழில் பழகுநர் மன்றம் 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள தொகையை வாரியத்திடம் கேட்டறிவதே முறை.

சட்டத்தின் 18-ஆம் பிரிவு பழகுநரைப் ‘பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர்’ என்று வரையறுக்கிறது. 22-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதப்பட்டிருந்தாலன்றி, பயிற்சி முடிந்தவருக்கு வேலை தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இவ்விரண்டும் சேர்ந்து சிலரிடம் ஒரு தவறான எண்ணத்தை உண்டாக்கியுள்ளன: ஓராண்டுக்குக் குறைந்த செலவில் ஒரு மேற்பார்வையாளர் கிடைப்பார், ஆண்டு முடிந்ததும் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அது. சட்டத்தின் நோக்கம் இதுவன்று. 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பயிற்சி முடித்தவர்களை வேலையில் அமர்த்துவது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ளவேண்டும். மேலும், உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், ஏனைய தகுதிகள் சமமாக இருப்பின் நேரடியாக வரும் விண்ணப்பதாரரைவிடப் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரப்படவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பயிற்சியின்போது விபத்தில் காயமுற்றால் இழப்பீடு தரும் பொறுப்பைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு நிறுவனத்தின்மீது சுமத்துகிறது. சாரத்தின்மீது ஏறி இறங்கும் தொழிலில் இப்பிரிவின் மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை.

வேலையைப் பெறும் முறை

பட்டதாரி முதலில் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ பணியனுபவம் பெற்றுவிட்டவர் இத்திட்டத்துக்குத் தகுதியற்றவராகிறார். இங்கேதான் பலர் தவறுகின்றனர். பட்டம் பெற்றதும் அறிமுகமான கட்டுநர் ஒருவரிடம் எழுத்துமூலமான ஏற்பாடு ஏதுமின்றிச் சேர்ந்துவிடுகின்றனர். ஓராண்டு கழித்துப் பார்த்தால் கையில் சான்றிதழும் இல்லை. பழகுநராகும் தகுதியும் போய்விட்டது.

நேர்காணலில் தேர்வாளர் அறிய விரும்புவது பெரும்பாலும் மிக எளிய செய்திகளையே. 10 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் என்ன எடை இருக்கும்? விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.617 கிலோகிராம் என்ற விடையை உடனே கூறுபவருக்கும், யோசித்துப் பார்த்துவிட்டு நூலில் இருக்கிறது என்பவருக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வாளர் குறித்துக்கொள்வார். தளம் ஒன்றுக்கு 3.6 மீட்டர் நீளத்தில் 120 கம்பிகள் வேண்டுமெனில் மொத்தம் 432 மீட்டர். எடை ஏறத்தாழ 267 கிலோகிராம். கடையிலிருந்து வந்த கம்பியின் எடைச் சீட்டை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர் முதல் வாரத்திலேயே நிறுவனத்துக்குப் பயன்படுவார்.

தேர்வாளர் கேட்பதைப் போலவே விண்ணப்பதாரரும் கேட்கவேண்டியவை உண்டு. ஒப்பந்தம் வாரியத்தில் பதிவு செய்யப்படுமா, பயிற்சித் திட்டம் எழுத்தில் உள்ளதா, ஓராண்டில் எந்தெந்தப் பிரிவுகளில் பணிபுரிய வாய்ப்பு உண்டு, பயிற்சிக்குப் பொறுப்பான மூத்த பொறியாளர் யார், பயிற்சி முடித்தவர்களைப் பற்றிய நிறுவனத்தின் கொள்கை என்ன என்பவை அவை. வேலைக்கு வந்தவன் கேள்வி கேட்கலாமா என்ற தயக்கம் நம் இளைஞர்களிடம், சிறப்பாகக் குடும்பத்தில் முதற் பட்டதாரியாக வருபவரிடம், மிகுதி. பணிவாகக் கேட்கும் இக்கேள்விகளை நேர்மையான நிறுவனம் எதுவும் தவறாகக் கொள்ளாது. ஒப்பந்தம் பதிவானால்தான் ஆண்டு முடிவில் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும்.

2019-ஆம் ஆண்டின் அனுபவம்

ஆந்திரப் பிரதேசத்தில் இதனினும் வேறுபட்ட ஒரு வழியும் திறந்தது. கிராம, வார்டுச் செயலகங்களுக்கென 2019 செப்டம்பரில் எழுத்துத் தேர்வு நடைபெற்று, அக்டோபர் 2-ஆம் நாள் அவை தொடங்கப்பட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அப்பணியிடங்களில் கிராமங்களுக்குப் பொறியியல் உதவியாளர் பதவியும், நகர வார்டுகளுக்கு வசதிகள் செயலர் பதவியும் அடங்கும். சிவில் பட்டதாரிகளும் டிப்ளமோ பெற்றவர்களும் இப்பதவிகளுக்குப் பெரும் எண்ணிக்கையில் வந்தனர். தகுதிகாண் பருவத்தில் மாதம் 15,000 ரூபாய் தொகுப்பூதியம். 2022-இல் அப்பருவம் நிறைவு பெற்றதாக அறிவிக்கப்பட்டு ஊதிய விகிதம் வழங்கப்பட்டது. ஏழைகளுக்கான வீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது அடித்தளத்தில் அதனைத் தாங்கியவர்கள் இவர்களே எனலாம்.

சொந்த மாவட்டத்திலேயே அரசுப் பணி கிடைத்தது பெரும் பேறு. பெண்கள் பலர் வீட்டிலிருந்தபடியே சிவில் பணிக்கு வர முடிந்ததும் குறிப்பிடத்தக்கது. ஆயினும் பயிற்சி என்ற நோக்கில் பார்த்தால் ஒரு குறை தென்படுகிறது. தேர்வு எழுத்துத் தேர்வு. தேர்ந்தவுடன் பொறுப்பும் வந்துவிட்டது. பயிற்சி ஆண்டு என்று தனியே ஒன்று வகுக்கப்படவில்லை. தகுதிகாண் பருவமே பயிற்சிக் காலமாகவும் அமைந்தது. மைய, மாநில வீட்டுத் திட்டங்கள் அனைத்திலும் வீட்டின் ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்து இடக்குறியோடு பதிவேற்றும் முறை இன்று நிலவுகிறது. நிதி தவறான வழியில் செல்லாமல் தடுக்க அது தேவையே. ஆனால் புகைப்படம் சுவர் எழுந்ததைக் காட்டுமேயன்றிச் சாந்தின் கலவையைக் காட்டாது. பதிவேற்றத்தில் ஒரு நாளின் பெரும்பகுதியைச் செலவிடும் இளம் பொறியாளர், கலவை போடும் இடத்தில் நிற்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். இலக்குகளை வகுக்கும் அலுவலர்கள் இதனைக் கருதிப் பார்க்கவேண்டும்.

கட்டுமான இடத்தில் கற்க வேண்டியவை

முதற் பாடம் மணலில் தொடங்குகிறது. உலர்ந்த மணலில் சுமார் 5 சதவீதம் ஈரம் சேர்ந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 25 சதவீதம் பெருகும். 1-க்கு 6 என்ற கலவைக்குச் சட்டியால் அளந்து ஈர மணல் போட்டால், உண்மையில் விழுவது 6-ஐ 1.25-ஆல் வகுத்த 4.8 பங்கு மணலே. சுவர்ச் சாந்தில் இதனால் சிமெண்ட் வீணாகும். கான்கிரீட்டிலோ மணல் குறைந்து சல்லிகளுக்கிடையே தேன்கூடு போன்ற ஓட்டைகள் விழும். சுவர்ணமுகி ஆற்று மணலாயினும் ஆலையில் உடைத்த மணலாயினும் மழை நாளில் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தே தீரவேண்டும். ஒரு கண்ணாடிக் குவளையும் அளவுகோலும் இருந்தால் பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைதான். ஆனால் வேலை நடக்கும் இடத்தில், மேஸ்திரி காத்துக்கொண்டிருக்கையில், அதைச் செய்யும் துணிவு தனியே வரவேண்டியிருக்கிறது.

அடுத்து, கம்பிக்கும் பலகைக்கும் இடையிலுள்ள மறைப்பு. சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், அஸ்திவாரத்துக்கு 50 மில்லிமீட்டர் என 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட இந்தியத் தர விதித்தொகுப்பு 456 கூறுகிறது. சாந்தால் செய்த சிறு வில்லைகளைக் கம்பியின் அடியில் வைத்தால் இது நிறைவேறும். வில்லைக்குப் பதிலாகக் கருங்கல் சில்லு ஒன்றை வைத்துவிட்டுப் போவது வழக்கமாகி இருக்கிறது. கான்கிரீட் கொட்டுபவர் காலில் பட்டு அச்சில்லு நழுவிவிடும். அதைக் கண்டு நிறுத்தச் சொல்வதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்யும் நிமிடத்தில் பட்டதாரிக்கு அருகில் மூத்தவர் ஒருவர் இருப்பதும் இல்லாதிருப்பதும் பெரும் வேறுபாடாகிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள மேஸ்திரியை இருபத்திரண்டு வயதினர் ஒருவர் தனியே தடுத்து நிறுத்துவது எளிதன்று.

340 சதுர அடித் தளம் ஏறத்தாழ 31.6 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் கனத்தில் அதற்குச் சுமார் 3.2 கன மீட்டர் கான்கிரீட் தேவை. ஒன்று முதல் ஐந்து கன மீட்டர் வரையுள்ள வேலைக்கு ஒரு மாதிரி, அதாவது 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள மூன்று கனசதுரங்கள், எடுக்கவேண்டும் என்பது அதே விதித்தொகுப்பின் ஏற்பாடு. ஆகவே ஒரு சிறு வீட்டின் கூரைக்கும் மூன்று கனசதுரங்கள் உண்டு. அவற்றை வார்த்து, எண்ணிட்டு, நீரில் இட்டு, 28-ஆம் நாள் சோதனைக்கு அனுப்பும் பொறுப்பைப் பழகுநரிடமே முழுமையாக ஒப்படைக்கலாம். இவ்வேலை எவருக்கும் இடையூறு தராது. ஆயினும் தாம் நின்று கவனித்த கலவை எவ்வளவு வலிமை பெற்றது என்ற விடை ஒரு மாதத்தில் எண்ணாக அவர் கைக்கு வந்து சேரும். இதனினும் சிறந்த ஆசிரியர் கிடைப்பது அரிது.

முட்டுகளைப் பிரிக்கும் நாள் குறித்தே மிகுந்த பூசல் எழுகிறது. 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் விட்டுவைக்கவேண்டும். இது சாதாரண போர்ட்லாந்து சிமெண்டுக்கு உரியது. சாம்பல் கலந்த சிமெண்டாயின் இன்னும் பொறுக்கவேண்டும். சென்ட்ரிங் பலகைக்கோ நாள் வாடகை. மேஸ்திரிக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. ஐந்தாம் நாளே பிரித்துவிடலாம் என்ற வற்புறுத்தல் வரும்போது, தளம் வார்த்த தேதியைத் தன் கையால் எழுதிவைத்துள்ள பழகுநரின் சொல்லுக்கு வலுவுண்டு; நினைவிலிருந்து பேசுபவருக்கு அது இல்லை.

நீராற்றலும் அவ்வாறே. சாதாரண சிமெண்டுக்கு 7 நாள். கலப்புச் சிமெண்டுக்கும் வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களுக்கும் 10 நாளுக்குக் குறையக்கூடாது. சித்திரை, வைகாசி மாதங்களில் திருப்பதியின் வெயிலை அறிந்தவர் இந்தப் பத்து நாளைக் குறைத்துக்கொள்ளமாட்டார். பயனாளியே கட்டிக்கொள்ளும் வீட்டில் தளத்தின்மீது பாத்தி கட்டி நீர் ஊற்றுவது அக்குடும்பத்தின் வேலை. குடிநீரே வண்டியில் வரும் புதிய குடியிருப்பில் கான்கிரீட்டுக்கு நீர் ஊற்றச் சொன்னால் எவருக்கும் மனம் வராது. ஈரச் சாக்கை விரித்து வைத்தால் குறைந்த நீரே போதும் என்பதை அந்த வீட்டுப் பெண்ணிடம் தெலுங்கிலோ தமிழிலோ புரியும்படி விளக்குவதும் பொறியாளரின் பணியே. எந்தப் பாடத்திட்டத்திலும் இது இடம்பெறவில்லை.

அளவுப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு சொல். அரசுப் பணியில் பணம் பட்டுவாடா ஆவது இதில் எழுதப்பட்ட அளவுகளைக் கொண்டே. அடித்தல் திருத்தலுக்கு ஒப்பமிட வேண்டும், பக்கத்தைக் கிழிக்கக்கூடாது, அளக்காததை எழுதக்கூடாது. நாளைக்குத்தான் முடியும் வேலையை இன்றே முடிந்ததாக எழுதித் தரும்படி கேட்கும் சூழ்நிலை இளம் பொறியாளருக்கு விரைவிலேயே ஏற்படும். தனக்குரிய கையொப்பம் எது, தன் மேலாளருக்குரியது எது என்பதைப் பழகுநர் முதல் மாதத்திலேயே தெளிவாக அறிந்திருத்தல் நன்று. பழகுநரிடம் பொறுப்பான கையொப்பம் வாங்கும் நிறுவனம் அவரைப் பயிற்றுவிக்கவில்லை. தன் பொறுப்பை அவர்மீது ஏற்றுகிறது.

பெரிய ஒப்பந்த நிறுவனத்தில் சேர்பவருக்கு வேறொரு குறை நேரலாம். நகர்ப்புற ஏழைகளுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சுவரையும் தளத்தையும் அலுமினிய அச்சுகளில் ஒருசேர வார்க்கும் முறை கையாளப்பட்டது. வேகமும் ஒழுங்கும் மிக்க முறை அது. ஆனால் ஓராண்டு முழுவதும் அதிலேயே இருந்தவர் ஒரு செங்கல் வரிகூடக் கட்டப்படுவதைக் காணாமல் வெளிவரக்கூடும். பயிற்சித் திட்டத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவதன் தேவை இங்கும் புலனாகிறது.

சிறு கட்டுநர்களை இணைத்தல்

பிரிட்டனில் 1964-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்கீழ் கட்டுமானத் தொழிலுக்கெனப் பயிற்சி வாரியம் ஒன்று அமைந்தது. கட்டுநர்களிடம் தீர்வை வசூலித்து, பயிற்சி அளிப்பவர்க்கு அதிலிருந்து உதவுவது அதன் முறை. பயிற்சி அளிக்காதவரும் அதன் செலவில் பங்கேற்கவேண்டும் என்ற கொள்கையே இதன் அடிப்படை. நம் நாட்டிலும் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத தீர்வை 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. ஆனால் அது தொழிலாளர் நலனுக்கானது, அவ்வாறே இருக்கவும் வேண்டும். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 1998-இல் ஐதராபாத்தில் தோன்றிய தேசியக் கட்டுமானக் கழகம் தொழிலாளருக்கும் பொறியாளருக்கும் பயிற்சி அளிக்கும் முன்முயற்சியாக அமைந்தது. 2014-இன் மாநிலப் பிரிவினைக்குப் பின் அவ்வளாகம் தெலங்கானாவில் உள்ளது. கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் கொத்தனார்களுக்கெனப் பயிற்சித் திட்டம் நடைபெறுகிறது. கொத்தனாருக்கு ஒரு வழி வகுக்கப்பட்டுள்ள நிலையில், அவரோடு சேர்ந்து நிற்கவேண்டிய பட்டதாரிக்குப் பெரிய நிறுவனங்களுக்கு வெளியே வழி குறுகலாகவே இருக்கிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பல சிறு நிறுவனங்களின் சார்பில் பழகுநர்களைத் திரட்டி ஒப்பந்தம், பதிவு முதலிய வேலைகளைக் கவனிக்க மூன்றாம் தரப்பு அமைப்பு ஒன்று செயல்பட நடைமுறையில் இடமளிக்கப்பட்டுள்ளது. பட்டியலில் 30 பேர்கூட இல்லாத கட்டுநரும் விரும்பினால் பழகுநரைச் சேர்க்கலாம். எழுத்து வேலைக்கு அஞ்சியே அவர் ஒதுங்குகிறார். கட்டுநர் சங்கமோ பொறியியல் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவோ இப்பணியை ஏற்றால், ஒவ்வொரு கட்டுநரிடமும் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலை அது வைத்திருக்க முடியும். ஓரிடத்தில் அஸ்திவாரம் முடிந்தவுடன் மற்றோரிடத்தில் தளம் வார்க்கப்படும் நாளுக்கு அந்தக் கட்டுநரிடமே பழகுநரைச் சில நாள் பார்வையாளராக அனுப்பலாம். ஓய்வுபெற்ற பொதுப்பணி, ஊராட்சிப் பொறியாளர்கள் இவ்விரு நகரங்களிலும் பலர் உள்ளனர். வாரத்துக்கு ஒருமுறை பழகுநரின் நாட்குறிப்பைப் படித்துக் கையொப்பமிட அவர்களில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

நாட்குறிப்பில் எழுதவேண்டியது அதிகமில்லை. அன்று வார்த்த கான்கிரீட்டின் இடம், அளவு, சிமெண்ட் மூட்டைகளின் எண்ணிக்கை, மணலின் ஈரம், கனசதுரங்களின் எண், முட்டு பிரிக்கவேண்டிய தேதி, மேஸ்திரியிடம் புதிதாகக் கற்ற ஒன்று ஆகியவை போதும். திருப்பதி வட்டாரத்தில் 2021 நவம்பரில் பெய்த பெருமழை போன்ற ஒன்று மீண்டும் வந்து ஒரு வீட்டின் சுவரில் வெடிப்புக் கண்டால், அது அஸ்திவாரத்தின் குறையா, நிலத்தின் குறையா, பின்னர் செய்த மாற்றத்தின் விளைவா என்று ஆராய்பவருக்குப் புகைப்படங்களோடு இப்பக்கங்களும் கிடைக்கும்.